முருங்கை மாதாவை மறைக்கும் இடம்

வெள்ளாங்குளம்
4.9.2024

மகள் டிலோஜினிக்கு,

கண் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லி என்னை நஸாரின் வான் வண்டியில் ஏற்றி, குடிகாரர்களை வைத்திருக்கும் இந்த இல்லத்தில் இறக்கிவிட்டுப் போனாய். இது நீ எனக்குச் செய்த அநியாயம். சுகம் விசாரிப்பதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

இனிச் சுகம். நான் சுகமாக இருக்கிறேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. நீயும் மருமகன் ஜெறோமும் பேத்தி ஜெசியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்கிறேன்.

கண் கிளினிக்குக்கு உடுக்க ஐந்து சாரம் எதற்கு? பையைத் தூக்கியபோதே பாரம் தெரிந்தது. பெற்ற பிள்ளையிடம் என்ன கேள்வி என்று விட்டுவிட்டேன். நஸார் வழி முழுவதும் வாய் திறக்கவில்லை. மற்ற நாளென்றால் அவனுடைய வானில் ஏறினவன் இறங்கும்வரை அரசியல் கேட்க வேண்டும். அன்று கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. பாலம் தாண்டியதும், "நஸார், ஆசுபத்திரி பின்னாலை போச்சுது" என்றேன். "இது வேறை ஆசுபத்திரி, லோறன்ஸ் அண்ணை" என்றான். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நான் யாரை அடித்தேன்? யாரிடம் களவெடுத்தேன்? உன் அம்மா றோஸ்மேரி போன பிறகு கொஞ்சம் கூடக் குடித்தேன். அவ்வளவுதான். என் கையால் கட்டி உனக்குச் சீதனமாகத் தந்த வீட்டிலிருந்து என்னையே ஏற்றி அனுப்பியிருக்கிறாய். பள்ளிமுனையில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இங்கே போனை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார்கள். முதல் சில மாதங்களுக்குக் கடிதம்தான் என்கிறார்கள். சுற்றிவர வயல். கடல் காற்று வருகிறது, கடல் தெரியவில்லை. துசாந்தினி என்று இங்கே வேலைக்கு இருக்கும் ஒரு பிள்ளை, உன்னிலும் இளையவள், கலர்ப் பென்சிலைக் கையில் தந்து "மனசிலை வாறதைக் கீறுங்கோ ஐயா" என்கிறாள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தையும் என்ஜினையும் நானாகவே படித்தவன். அறுபத்தெட்டு வயதில் என்னை நேர்சரிக்கு அனுப்பியிருக்கிறாய்.

சனிக்கிழமை நஸாரை வானோடு அனுப்பு. ஜெசி என்னைத் தேடுகிறாளா என்று எழுது.

அப்பா
சூ. லோறன்ஸ்


பள்ளிமுனை
17.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கை நடுக்கம் குறைந்தது என்று வாசித்தபோது ஆறுதலாக இருந்தது. நாங்கள் சுகம். ஜெசிக்கும் இப்போது சுகம். அவள் உங்களைத் தேடுகிறாள். காலையில் எழும்பினால் உங்கள் பாயைத்தான் முதலில் பார்ப்பாள்.

மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இதோடு அனுப்புகிறேன். போட இரண்டு சேட்டும் வைத்திருக்கிறேன். அவர் வள்ளத்துக்குப் புது வலை எடுத்திருக்கிறார். இந்தக் கிழமை நண்டு நல்லாகப் படுகிறதாம்.

ஒன்று கேட்க வேண்டும். வளவில் வேறு ஏதும் இருக்கிறதா? இருந்தால் எங்கே என்று எழுதுங்கள். ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம்.

சனிக்கிழமை வான் வராது அப்பா.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்காக ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன்.

மகள்
டிலோஜினி


வெள்ளாங்குளம்
22.9.2024

மகளுக்கு,

சேட்டும் கண்ணாடியும் வந்தன. சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

"இப்போது சுகம்" என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் முன்பு என்ன? காய்ச்சலா? நான் அங்கே இருக்கும்போதே வந்ததா, வந்த பிறகா? ஒரு சொல்லை எழுதிவிட்டு அதன் மேல் பாயை இழுத்து மூடாதே.

வளவில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாய். கிணறு இருக்கிறது. முருங்கை இருக்கிறது. வேலியோரம் மாதா கூடு இருக்கிறது. குசினி இருக்கிறது. நீ பிறந்து வளர்ந்த வளவு. என்னிடம் என்ன கேள்வி?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நன்றாகத் தெரிந்த இடத்தைக் கீறச் சொன்னாள் அந்தப் பிள்ளை. என் பக்கத்துக் கட்டில்காரர் ஏரம்பு, இந்தப் பக்கத்து வெள்ளாண்மைக்காரர். என்னைப்போல் அவரையும் பிள்ளைகள்தான் கொண்டுவந்து விட்டார்களாம். அவர் வயலைக் கீறினார். நான் கடலைக் கீறினேன்.

"என்ன லோறன்ஸர், நீலத்தைப் பூசிப்போட்டுக் கடல் எண்டுறியள்? நானும் பச்சையைப் பூசிப்போட்டு வயல் எண்டா விடுவியளோ?" என்றார்.

"உம்மடை வயலிலை வரம்பு மண்ணிலை கிடக்கு. எங்கடை வரம்பு கண்ணுக்குள்ளை கிடக்கு, ஐசே" என்றேன்.

அந்தப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தினேன். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லுப் பாரை மேலே நின்று பார்க்க முடியாது. கரையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோயில் கோபுரமும் பின்னால் நிற்கும் பனையும் ஒன்றாகத் தெரியும் நேரைப் பிடித்து வள்ளத்தை விட வேண்டும். போகும்போது மற்றப் பக்கத்தில் இன்னும் இரண்டு பொருள் ஒன்றையொன்று மறைக்கும். மறைத்த இடத்தில் நங்கூரம். அடியில் பார் இருக்கும், பாரில் மீன் இருக்கும். இந்த அடையாளங்களை ஒருவன் மற்றவனுக்குச் சொல்வதில்லை. என் கூடப்பிறந்த தம்பி கேட்டும் நான் சொல்லவில்லை. அவன் சாகும்வரை அதை வைத்து என்னோடு கோபம்.

"அப்ப நீங்கள் கீறின பார் இந்த இடத்திலைதானே ஐயா?" என்று விரலை வைத்தாள்.

"இல்லை. மாத்திக் கீறினனான்."

"ஏன்?"

"ஆரும் பாத்தா?"

ஏரம்புவுக்குச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. "பிள்ளை, நான்தான் பாக்கப்போறன். எனக்கு நீந்தவே தெரியாது. வாய்க்காலுக்கையே மூழ்கித் தாண்டவன் நான்!"

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கெண்டு மட்டும் ஒண்டு கீறினா, அதையும் மாத்தித்தான் கீறுவியளோ ஐயா?" என்றாள்.

வாய்க்கொழுப்பு.

ஜெசிக்கு என்ன வருத்தம் என்று உடனே எழுது.

அப்பா


வெள்ளாங்குளம்
9.10.2024

மகளுக்கு,

பதில் இல்லை. தபால்காரன் வரும் நாளெல்லாம் வாசலில் நிற்கிறேன். மற்றவர்களுக்கு வருகிறது.

ஏரம்பு களிமண்ணில் ஒரு நாம்பன் மாடு செய்தார். செய்து முடித்துக் கொம்பை வைக்கும்போது அழுதார். வீட்டில் நின்ற அப்படி ஒன்றை விற்றுக் குடித்தவராம். அவர் விதைப்புக்கு லீவு கேட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். மாடு ஜன்னலில் இருக்கிறது. ஒரு கொம்புதான்.

என்னையும் ஏதாவது செய்யச் சொன்னார்கள். களிமண்ணை உருட்டி உருட்டி வைத்துவிட்டு எழும்பினேன். அழ வைப்பதுதான் வைத்தியம் என்றால் எனக்கு அது ஏறாது. என்னிடம் ஒரு கேள்வியை நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்வேன். ஒருவரும் கேட்பதில்லை.

நானும் உன்னிடம் நேராகத்தான் கேட்டிருக்கிறேன். ஜெசிக்கு என்ன நடந்தது?

சுகமாக இருங்கள்.

அப்பா


பள்ளிமுனை
16.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னார். சொன்னால் உங்கள் நெஞ்சுக்குக் கூடாது என்று. நீங்கள் நேராகக் கேட்கிறீர்கள். எழுதுகிறேன்.

ஆகஸ்டில், மடுத் திருவிழாவுக்குப் போய் வந்த கிழமை. ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜெசி விறாந்தையில் நின்றதைப் பார்த்தேன். அம்மா உட்காரும் கதிரை முந்திக் கிடந்த இடத்தில், ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். பிறகு நான் வெளியே வந்தபோது மண்ணில் கிடந்தாள். பக்கத்தில் மணல் கிண்டியிருந்தது. சோடாப் போத்தல். சிவப்பு மூடி. மணத்திலேயே கசிப்புச் சாராயம் என்று தெரிந்தது.

ஐந்து வயதுப் பிள்ளை அப்பா. சோடா என்று குடித்திருக்கிறாள்.

நஸார் அண்ணைதான் வானில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளை என் மடியில் துவண்டு கிடந்தாள். கோர்ன் அடித்துக்கொண்டே போனார், அழுதுகொண்டே போனார். விடியும்வரை அவள் கண் திறக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது நீங்கள் வலைக்குவியலில் படுத்திருந்தீர்கள். எழும்பி "தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்டீர்கள். நான் போட்டுத் தந்தேன்.

கண் திறந்த பிறகு எப்படி எடுத்தாய் என்று கேட்டோம். "அம்மப்பான்ர விளையாட்டு" என்றாள். "நேரா நடக்கோணும். முருங்கை மாதாவை மறைச்சா நிக்கோணும்" என்றாள்.

உங்களை அனுப்பிய பிறகு அவர் வளவெல்லாம் கிண்டினார். சிலது கிடைத்தது. முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை. ஜெசி இன்னும் அந்த இடத்தில் போய் ஒரு கண்ணைப் பொத்துகிறாள். அடித்தால் அழுகிறாள், திரும்பப் போய் நிற்கிறாள். மழை வந்து மண்ணை அரிப்பதற்கு முன் வளவு சுத்தமாகாவிட்டால் பிள்ளையைப் பேசாலைக்குத் தன் தாயிடம் கொண்டுபோகிறேன் என்கிறார். அவரில் பிழை இல்லை.

எங்கே எங்கே என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை.

டிலோஜினி


வெள்ளாங்குளம்
20.10.2024

டிலோஜினிக்கு,

நடந்திருக்க முடியாது. அடையாளம் தெரியாமல் ஒருவனாலும் எடுக்க முடியாது. பெரியவனாலேயே முடியாது, பிள்ளையால் எப்படி முடியும்? நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கடலில் சொல்லாதவன் வளவில் சொல்வேனா?

அது வேறு யாருடையதோ. வேலிக்கு மேலால் எறிந்திருப்பார்கள். ஜெறோம் வளவைக் கிண்டியது முட்டாள் வேலை. முருங்கையின் வேரை வெட்டியிருப்பான்.

நான் வருகிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வந்து ஜெசியிடம் நானே கேட்கிறேன்.

லோறன்ஸ்


பள்ளிமுனை
5.11.2024

அப்பாவுக்கு,

சுகமா? நீங்கள் வரவில்லை. நான் அன்று பின்னேரம்வரை பஸ் ஸ்ராண்டில் நின்றேன். இல்லத்துக்குப் போன் எடுத்தேன். "இங்கைதான் இருக்கிறார், கொஞ்சம் சுகமில்லை" என்றார்கள். என்ன சுகமில்லை என்று கேட்கவில்லை.

மழை தொடங்கிவிட்டது. ஜெசியைக் கொண்டுபோய்விட்டார். அவரும் அங்கிருந்துதான் கடலுக்குப் போகிறார். நான் நண்டுக் கொம்பனி வேலையை விட முடியாது என்பதால் இங்கே நிற்கிறேன். வேலை முடிந்து வந்து மழைக்குள் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் சிப்பியும் கல்லும்தான் தட்டுப்படுகிறது.

"அடையாளம் தெரியாமல் ஒருவனாலும் எடுக்க முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்படியென்றால் அடையாளம் இருக்கிறது அப்பா.

நீங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை என்கிறீர்கள். பின்னேரங்களில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு வளவில் நடந்தது உங்களுக்கு நினைவில்லையா? நான் குசினி ஜன்னலால் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அம்மா போன பிறகு நீங்கள் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

டிலோஜினி


வெள்ளாங்குளம்
14.11.2024

மகள் டிலோஜினிக்கு,

நான் இருக்கிறேன். நீ மழையில் நனையாதே. உனக்குச் சின்ன வயதிலேயே நெஞ்சுச்சளி.

பஸ்ஸுக்குப் போனது உண்மை. பையோடு போனேன். பஸ் வந்தது. அதிலிருந்து ஏரம்பு இறங்கினார். விதைப்பு முடிந்து இல்லத்துக்குத் திரும்பி வந்தவர். அவருடைய பையில் ஒன்று இருந்தது. அன்று நடந்ததை எழுதத் தேவையில்லை. பஸ் போய்விட்டது. மறுநாள் அவருடைய மகன் வந்து அவரைக் கூட்டிப்போய்விட்டான். நான் நாலைந்து நாள் படுக்கையில் கிடந்தேன்.

எழும்பிய பிறகு உனக்கு எழுதவென்று உட்கார்ந்தேன். எங்கே எங்கே என்று எழுதிவிட்டு வேறு ஒன்றும் எழுதாமல் கடிதத்தை மூடுவது என்றுதான் நினைத்தேன். பேனையை வைத்தால் வரவில்லை. கடலின் அடையாளம் கேள், கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பாரையும் சொல்வேன். வளவில் ஒன்றும் வரவில்லை. கடலில் நின்றபோது தெளிந்து நின்றேன். வளவில் நின்றபோது எப்படி நின்றேன் என்பது உனக்குத் தெரியும்.

மூழ்கித் தாண்டுபோன வள்ளத்தில் இருந்தவனுக்கும் இப்படி இருக்காது.

நானே துசாந்தினியிடம் போனேன். "பெரிய தாள் ஒண்டு தா பிள்ளை" என்றேன். என்னத்துக்கு என்று கேட்காமல் தந்தாள். காணி அளக்கும் சேவையர் கீறுவதுபோல் கீறினேன். வீடு, கிணறு, குசினி, வேலி, எல்லாம் அளவாக. ஒன்றும் வரவில்லை. மாதிரி வீடுபோல் சுத்தமாக இருந்தது.

அவள் வந்து பார்த்தாள். "இது காகம் பாக்கிற மாதிரி இருக்கு ஐயா. நீங்கள் எங்கை நிண்டு பாப்பியள்?" என்றாள்.

"நான் எங்கையும் நிப்பன். என்ர வளவு."

"அப்ப நிண்டு பாருங்கோ. நிண்ட இடத்திலை என்ன தெரியுதோ அதைமட்டும் கீறுங்கோ. வடிவு வேண்டாம்."

"வடிவாக் கீறத் தெரியாதவன் எண்டு நினைச்சியோ?"

"வடிவாக் கீறினா உங்களுக்குப் பொய் சொல்ல லேசு ஐயா" என்றாள். எழும்பி அடிக்கலாம்போல் இருந்தது. இருந்து கீறினேன்.

குசினி வாசலில் நின்று கீறிப் பார்த்தேன், வரவில்லை. கிணற்றடியில் நின்று கீறினேன், வரவில்லை. விறாந்தையில் நின்று கீறத் தொடங்கியபோது கை தானாக அம்மாவின் கதிரையை முதலில் கீறியது. நான் கீற நினைக்கவில்லை. கதிரையின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. நான் எப்போதும் அங்கேதான் நின்றிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் வளவில் இறங்கியிருக்கிறேன். கதிரை உடைந்து எடுத்துப்போட்ட பிறகும் அந்த இடத்தில்தான்.

பிறகு ஒன்று வந்தது. படத்தை இதோடு அனுப்புகிறேன். கதிரையிலிருந்து கிணற்றுத் தூணும் பின்னால் உள்ள வேலிக் கப்புக் கட்டையும் ஒன்றாகத் தெரியும் நேரில் நட. இடது பக்கம் முருங்கை மாதா கூட்டை மறைக்கும் இடத்தில் நில். அதற்குக் கீழே.

இது ஜெசி எடுத்ததா, வேறா என்று எனக்குத் தெரியாது. தோண்டிப் பார்.

தோளில் வைத்துக்கொண்டு நடந்தது நினைவு இருக்கிறது. அதையும் கீறினேன். முகம் சரிவரவில்லை. ஒரு கண்ணைத்தான் கீற முடிந்தது. அந்தப் படத்தை அனுப்பவில்லை.

அப்பா


பள்ளிமுனை
22.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம் என்று நினைக்கிறேன். நெஞ்சுச்சளி இல்லை, கவலைப்பட வேண்டாம்.

படத்தைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். கதிரை இல்லாததால் நேர் பிடிபடவில்லை. சாப்பாட்டு மேசைக் கதிரையைக் கொண்டுவந்து அம்மாவின் கதிரை கிடந்த அடையாளத்தில் வைத்தேன். சீமெந்தில் அந்தக் கால்களின் தடம் இன்னும் இருக்கிறது. பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினேன். தூணும் கப்பும் ஒன்றாக வந்தன.

முருங்கை மறைத்த இடத்தில் நின்று கிண்டினேன். ஜெசி கிண்டிய பள்ளமும் அதே இடத்தில்தான், மண் நிரவியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. நிரம்பிய போத்தல். அவர் கிண்டியபோது அந்தப் பள்ளத்தை ஏற்கெனவே கிண்டினது என்று விட்டிருக்கிறார்.

கிணற்றடியில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

பட்டணத்தில் மெழுகுக் கலர்ப்பெட்டி ஒன்று வாங்கினேன். பெரியது. தாளும் சேர்த்து அனுப்புகிறேன். வடிவாகக் கீற வேண்டாம் அப்பா.

நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் வரலாம் என்று இல்லத்தில் சொன்னார்கள். அவரிடம் இன்னும் கதைக்கவில்லை.

மகள்
டிலோஜினி


வெள்ளாங்குளம்
8.12.2024

மகள் டிலோஜினிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இன்று மாதாவின் திருநாளில் மன்றாடினேன். இங்கே கோயில் தூரம். கட்டிலில் இருந்தே மன்றாடினேன். நான் சுகம்.

இதோடு நான்கு படம் வருகிறது. ஒவ்வொன்றும் கதிரையிலிருந்து தொடங்கும். குசினிக் கூரையில் இருப்பதற்குப் படம் தேவையில்லை, மேற்குப் பக்கம் ஓலை இரட்டிப்பாக இருக்கும், கையை விட்டால் தட்டுப்படும். மாதா கூட்டுக்குப் பின்னாலும் ஒன்று. அதை எழுதக் கை கூசியது. எழுதிவிட்டேன்.

என்னைக் கண் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னது அநியாயம்தான். அதை நான் மாற்றி எழுதப்போவதில்லை. "அப்பா, நீங்கள் இப்படிச் செய்துபோட்டியள்" என்று நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்கிறாயா? இருக்கலாம். என்றாலும் சொல்லியிருக்க வேண்டும்.

நத்தாருக்கு நான் வரமாட்டேன். அதுபற்றி ஜெறோமிடம் நீ கதைக்கத் தேவையில்லை. செய்ய வேண்டியதை இங்கே எழுதுகிறேன். ஒன்றையும் விடாமல் செய்யுங்கள்.

நீ: நான்கு படத்தையும் பார்த்துப் பகலில் தோண்ட வேண்டும். தனியே தோண்டாதே, ஜெறோமைப் பக்கத்தில் வைத்துக்கொள். எடுத்ததை அவனுடைய கண்ணுக்கு முன்னால் ஊற்று. அவன் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எங்கே என்று வரவில்லை. முருங்கைக்கு அந்தப் பக்கம் என்று கை சொல்கிறது, கண் சொல்லவில்லை. அதைக் கீறி முடிக்க வேண்டியது நான். அது உன் கைக்கு வரும்வரை ஜெசி வளவில் இறங்கக் கூடாது. அவள் பேசாலையிலேயே இருக்கட்டும். ஜெறோம் சொன்னது சரி என்று அவனிடம் சொல். நான் சொன்னதாகவே சொல்.

துசாந்தினி எனக்குத் தாள் தர வேண்டும். தருகிறாள்.

ஏரம்பு திரும்பி இங்கே வர வேண்டும். அவருக்குக் கடிதம் எழுத வேண்டியது நான். மாட்டுக்கு மற்றக் கொம்பை அவர்தான் வைக்க வேண்டும். வேறு ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெசியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதற்கு நஸாரிடம் நன்றி என்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை நீ சொல்லக் கூடாது. நான் வரும்போது நான் சொல்வேன். அவன் வானைக் கொண்டுவர வேண்டும், வழி முழுவதும் அரசியல் பேச வேண்டும். இந்த முறை உண்மையாகவே என்னைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இடது கண் மங்கலாகத்தான் இருக்கிறது. திகதி எடுக்க வேண்டியது நீ.

கடைசிப் போத்தலை எடுத்த பிறகு, ஜெறோம் முருங்கையை அடியோடு வெட்ட வேண்டும். காய்க்கிற மரம் என்று யாரும் தடுத்தால் கேட்கக் கூடாது. மாதா கூட்டைக் கழற்றி வீட்டுக்கு மற்றப் பக்கம், கோயிலைப் பார்த்தபடி வைக்க வேண்டும். பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு மந்திரித்து வைக்க வேண்டும். வேலிக் கப்பைப் பிடுங்கி இடம் மாற்றி நடவும். கிணற்றுத் தூணை மாற்ற முடியாது, அது நிற்கட்டும். தனியே நிற்கும் ஒன்றை வைத்து ஒருவனும் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. விறாந்தைச் சீமெந்தில் உள்ள கதிரைக் காலின் தடத்தைப் பூசி மறைக்க வேண்டும். பூச வேண்டியது நீ. வேறு ஒருவரும் பூசுவதை நான் விரும்பவில்லை.

நான் இறங்கி வரும்போது அந்த வளவில் எனக்கு ஒரு அடையாளமும் இருக்கக் கூடாது.

அதன் பிறகு ஜெசியைக் கொண்டுவரலாம். அம்மப்பாவின் விளையாட்டு பிழையான விளையாட்டு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியது நான். அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாற்றின வளவில் எது எங்கே இருக்கிறது என்று என் கையைப் பிடித்து எனக்குக் காட்ட வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு.

அப்பா
சூ. லோறன்ஸ்